இவ்வாண்டு பட்டியல் இல்லை





பள்ளியாண்டு முடிந்துவிட்டது. சென்ற இரு வாரங்களாகச் சான்டா கிளாராவிலும் சான் ஹோசேயிலும் எந்த உயர்நிலைப் பள்ளியைக் கடந்து சென்றாலும், நீண்ட அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்த பிள்ளைகளைக் காண முடிந்தது. ஹவாய்த் தீவுகளின் வழக்கம் இங்கே பரவியிருப்பதால், அவர்கள் கழுத்தில் மலர்மாலைகள் அடுக்கடுக்காகத் தொங்கின. மாலைகளுக்கு மேல் முகம் மட்டுமே தெரிய நின்ற நம் பையன் ஒருவனைப் பார்த்து, மதுரையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அவனுடைய பாட்டியார், "மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான் சாமி, பொண்ணு மட்டுந்தான் பாக்கி" என்று சொல்லிச் சிரித்தார். பேரன் என்ன சொன்னான் என்று கேட்காதீர்கள். அவனுக்குப் பாதிதான் புரிந்தது.

நம் தமிழ்த் திருக்கூட்டத்தில் இவ்வாண்டு ஆறு பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை நிறைவு செய்துள்ளனர். நால்வர் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பயின்றவர்கள். இருவர் அரசுப் பள்ளிகளில். அறுவரும் நம்மிடையே உறுதிபூசுதல் பெற்றவர்கள். மூவர் பீடப்பணியாளர்கள். ஒருத்தி மூன்று ஆண்டுகளாக முதல் நற்கருணை வகுப்புச் சிறுவர்க்குத் தமிழில் செபங்கள் சொல்லிக்கொடுத்தாள். 'அருள் நிறைந்த மரியே' என்பதில் வரும் ழகர ளகரங்களுக்காக அவள் பட்ட பாட்டை அடுத்த அறையிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். இவ்வறுவருக்காகவும் இறைவனுக்கு நன்றி கூறுவோம்.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பட்டியல் வரும். மாணவர் பெயர், முடித்த பள்ளி, சேரும் பல்கலைக்கழகம், எடுக்கும் பாடம் என நான்கு கட்டங்கள். நான் இத்திருக்கூட்டத்தின் பொறுப்பை ஏற்பதற்கு முன்பிருந்தே தொடரும் வழக்கம் அது. இவ்வாண்டு அப்பட்டியலை வெளியிடப் போவதில்லை என்று பங்குப் பேரவையில் அறிவித்தேன். அன்றிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஒரு தந்தையார் மனத்தாங்கலுடன் கேட்டார்: "ஃபாதர், என் மகன் நாலு வருஷம் தூங்காமப் படிச்சான். நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே மத்தப் பிள்ளைகளுக்கும் ஒரு ஊக்கம்?" அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. உழைப்பு போற்றப்பட வேண்டியதே. ஆயினும் என் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அதன் காரணத்தை உங்கள் அனைவருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்காகவே இந்த நீண்ட மடல்.

மார்ச் மாத இறுதியில் பல்கலைக்கழகங்களின் முடிவுகள் வரத் தொடங்கின. நம் காலத்தைப் போல் அஞ்சல்காரர் கொண்டுவருவதில்லை. குறித்த நாளில், குறித்த மணிக்கு, கணினித் திரையில் தோன்றுகின்றன. ஒரே வகுப்பில் இருக்கும் முப்பது பேரும் ஒரே நேரத்தில் திரையைத் திறக்கிறார்கள். அடுத்த நிமிடமே ஒவ்வொருவருக்கும் மற்றவருடைய கதி தெரிந்துவிடுகிறது. அவ்வாரத்துக்குப் பிறகு நம் பீடப்பணியாளர்களுள் ஒருவன் தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் வரவில்லை. தவக்காலத்தின் நடுவில் ஒருநாள் அவனைத் தற்செயலாகக் கடைத்தெருவில் சந்தித்தேன். "தம்பி, எங்கே ஆளையே காணோம்?" என்றேன். சற்று நேரம் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "மாஸ் முடிஞ்சதும் எல்லா ஆன்ட்டியும் ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க, ஃபாதர்."

அந்தக் கேள்வி உங்கள் அனைவருக்கும் தெரியும். எங்கே கிடைத்தது?

அன்போடு கேட்கப்படும் கேள்விதான். இருப்பினும் அதற்கு அஞ்சி ஒரு பதினேழு வயதுப் பையன் திருப்பலிக்கு வருவதை நிறுத்துகிறான் என்றால், அக்கேள்வி கோவில் வாசலில் வரி வசூலிக்கும் சாவடியாக மாறிவிட்டது என்று பொருள். இப்பள்ளத்தாக்கின் வடபகுதியில், பாலோ ஆல்ட்டோவில், 2009-ஆம் ஆண்டிலும் மீண்டும் 2014, 2015-ஆம் ஆண்டுகளிலும் இளையோர் பலர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதை உங்களுள் நெடுங்காலம் இங்கு வாழ்வோர் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் காரணங்களை ஆராய நடுவண் அரசின் நோய்த் தடுப்பு மையமே 2016-இல் சான்டா கிளாரா மாவட்டத்துக்கு வந்தது. அத்தகைய துயரத்துக்கு ஒற்றைக் காரணம் கிடையாது, அதை அறிவேன். எனினும் பிள்ளை ஒன்று வாய் திறக்காமல் அறைக்குள் அடைந்து கிடந்தால் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாதீர்கள், அருகில் உட்காருங்கள். தேவைப்பட்டால் எந்நேரமும் 988 என்னும் எண்ணை அழைக்கலாம். என்னையும் அழைக்கலாம், நள்ளிரவானாலும்.

நான் பயின்றது தென் தமிழகத்தில் ஓர் அரசு உதவி பெறும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில், 1970-களின் பிற்பகுதி. ஆசிரியர்க்குச் சம்பளம் அரசு கொடுத்தது. மதிய உணவும் அரசினுடையதே. மணி அடிப்பதும் மன்றாட்டும் பிரம்பும் மட்டும் எங்கள் சபையினுடையவை. பொதுத்தேர்வு முடிவு அந்நாளில் செய்தித்தாளில் வரும். பெயர் இராது, எண்கள் மட்டும், எறும்பு ஊர்வது போல் பக்கம் பக்கமாக. உங்கள் எண் அங்கே இருந்தால் தேர்ச்சி. இல்லையென்றால் அந்த இடத்தில் அடுத்தவர் எண் இருக்கும். தேநீர்க் கடையில் ஒரே தாளைப் பதினைந்து பேர் பிடித்திருப்போம்.

எங்கள் தலைமையாசிரியர் ஒரு குருவானவர். முடிவு வெளியாகும் நாளில் அவர் அலுவலகத்தில் இருக்க மாட்டார். இனிப்புப் பெட்டியுடன் வரும் பெற்றோர் அவரைக் காணாமல் காத்திருப்பார்கள். அவரோ காலையிலேயே செய்தித்தாளில் இல்லாத எண்களைக் கணக்கிட்டு, ஒரு துண்டுத் தாளில் ஊர்வாரியாக எழுதிக்கொண்டு, மிதிவண்டியில் கிளம்பிவிடுவார். தேர்ச்சி பெறாதவர் வீடுகளுக்கு மட்டும் செல்வார். வெயிலில் எட்டு மைல், பத்து மைல். அங்கே போய் அறிவுரை எதுவும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. திண்ணையில் அமர்ந்து மோர் வாங்கிக் குடிப்பார். அக்டோபரில் மறுதேர்வு இருக்கிறது என்பார். தகப்பனார் கை ஓங்கும் மனநிலையில் இருந்தால் அவர் அடங்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அவ்வளவே. தேர்ச்சி பெற்ற எனக்கு, அவர் கையால் ஒரு வாழ்த்துக் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. அப்போது அது எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

கத்தோலிக்கப் பள்ளி என்றால் என்ன என்று பின்னர் குருமடத்தில் பல நூல்கள் படித்தேன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி பற்றிய அறிக்கையைத் தேர்வுக்காகப் பத்தி பத்தியாகக் கற்றேன். அந்த மிதிவண்டியைக் காட்டிலும் தெளிவான விளக்கவுரை எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

நாம் வாழும் இந்த ஊரின் பள்ளிக்கதையும் அறியத்தக்கது. நம்முள் பலர் சான்டா கிளாரா என்றதும் கணினிச் சில்லுகளை நினைக்கிறோம். 1777-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிரான்சிஸ்கன் துறவியர் ஓலோனி மக்களின் நிலத்தில் மறைப்பணித் தளம் ஒன்றை நிறுவி, அசிசி நகர்ப் புனித கிளாராவின் பெயரை அதற்கு இட்டனர். (அம்மறைப்பணியில் ஓலோனி மக்கள் இழந்தவை மிகப் பல, அதைச் சொல்லாமல் இவ்வரலாற்றைச் சொல்லக் கூடாது.) தங்கவேட்டைக் காலத்தில், 1851-இல், ஆயர் அலமானியின் வேண்டுகோளை ஏற்று, இடிந்து கிடந்த அந்தக் களிமண் கட்டடங்களில் இயேசு சபையினர் ஒரு பள்ளியைத் தொடங்கினர். அதன் முதல் தலைவர் அருள்தந்தை ஜான் நொபிலி என்னும் இத்தாலியர். இன்றைய சான்டா கிளாரா பல்கலைக்கழகமும், சான் ஹோசேயில் உள்ள பெல்லார்மின் உயர்நிலைப் பள்ளியும் அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பள்ளிப் பிரிவு 1920-களின் நடுவில் வேறொரு கல்லூரி விட்டுச்சென்ற வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. கால்ட்ரெயின் தொடர்வண்டி 'காலேஜ் பார்க்' என்னும் சிறு நிலையத்தில் பள்ளி நேரத்தில் மட்டும் ஓரிரு முறை நின்று செல்வதைக் கண்டிருப்பீர்கள். அப்பழைய கல்லூரியின் நினைவாகவே அந்தப் பெயர். இன்று அங்கே இறங்குவோர் பெரும்பாலும் பெல்லார்மின் மாணவர்களே.

நொபிலி என்னும் பெயர் தமிழர் காதில் விழுந்ததும் மதுரை நினைவுக்கு வர வேண்டும். தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தவர். தமிழையும் வடமொழியையும் கற்று, காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழ் உரைநடையில் மறைநூல்கள் எழுதியவர். 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார். கலிபோர்னியாவின் ஜான் நொபிலியோ 1856-இல் கட்டுமானப் பணியைப் பார்வையிடுகையில் காலில் ஆணி தைத்து, அதனால் வந்த நோயில் இறந்தார். சரியாக இருநூறு ஆண்டு இடைவெளி. இருவரும் இத்தாலியர், இருவரும் இயேசு சபையினர். இவர்களுக்கிடையே உறவு இருந்தது என்று நான் சொல்லவில்லை. பெயர்ப் பொருத்தம் மட்டுமே. ஆனால் உண்மையான உறவு வேறோரிடத்தில் இருக்கிறது. நம் பையன்கள் பயிலும் அப்பள்ளிக்குப் பெயர் தந்த புனித இராபர்ட் பெல்லார்மின், நம் தத்துவ போதகரின் சொந்த உறவினர்!

பெல்லார்மின் கர்தினால், திருச்சபையின் பேரறிஞர்களுள் ஒருவர், குடும்பத்தின் பெருமை. அவருடைய உறவுக்கார இளைஞர் மதுரையில் குடுமியும் காவியுமாக ஒரு சந்நியாசியைப் போல் வாழ்கிறார் என்னும் செய்தி உரோமைக்குச் சென்றபோது, அதைக் கொண்டுசென்றவர்கள் குறைகூறுவோர். இளைஞர் வழிதவறிவிட்டார் என்றே அவர்கள் சொன்னார்கள். பெரியவர் மனம் நொந்து கண்டித்து எழுதினார். தத்துவ போதகர் தம் செயலுக்கான காரணங்களை விளக்கி மறுமொழி விடுத்தார். கர்தினால் அதைப் படித்தார். தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அதன்பின் அவருக்காகப் பரிந்து பேசினார். 1621-இல் பெல்லார்மின் மறைந்தார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் மதுரை மறைப்பணியின் வழிமுறைக்கு ஒப்புதல் அளித்தார். சாதி வேற்றுமையைத் தத்துவ போதகர் கையாண்ட விதத்தின்மீது கடுமையான, நியாயமான விமர்சனங்கள் உண்டு. அது தனியே எழுத வேண்டிய செய்தி. இங்கே எனக்கு வேண்டியது கர்தினால் செய்த ஒரு செயல்: தம் குடும்பத்துப் பிள்ளை தாம் எதிர்பார்த்ததைப் போல் இல்லை என்று கேள்விப்பட்டார்; பிறகு அந்தப் பிள்ளை எழுதியதை முழுமையாகப் படித்தார்.

நம் இல்லங்களில் இப்போது நிகழ்ந்துகொண்டிருப்பதும் ஏறத்தாழ இதுவே. அறுவருள் ஒருத்தி, நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும், அதை விடுத்துக் கூப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா சமூகக் கல்லூரியில் இரண்டாண்டுகள் படித்துவிட்டுப் பிறகு மாறிக்கொள்கிறேன் என்கிறாள். கடன் வேண்டாம் என்பது அவள் கணக்கு. கலிபோர்னியாவில் இது நன்கு வகுக்கப்பட்ட பாதை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அவ்வழியே பல்கலைக்கழகம் சேர்கின்றனர். ஆனால் தாயார் என்னிடம் வந்து, "ஊருல அக்கா கேட்டா என்னன்னு சொல்லுவேன் ஃபாதர்?" என்று கண்ணீர் வடித்தார். அக்காவுக்கு என்ன சொல்வது என்பதே பட்டியலின் நான்கு கட்டங்களுக்கும் அடியில் ஓடும் ஐந்தாவது கட்டம். மகளின் கணக்கைத் தாயார் இன்னும் உட்கார்ந்து கேட்கவில்லை. கேட்டால் வியப்பார்; நான் கேட்டேன், எனக்கே அப்படிக் கணக்குப் போடத் தெரியாது.

கட்டணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க இங்கே ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் ஆகிறது. உதவித்தொகை உண்டு, கேட்பதற்கு நம்மவர் கூச்சப்படுகிறார்கள். இவ்வளவு கொடுத்தபின் 'பலன்' எதிர்பார்ப்பது இயல்பு என்று ஒருவர் என்னிடம் நேர்மையாகச் சொன்னார். அவருக்கு நான் சொன்ன வரலாறு இது. புனித இஞ்ஞாசியார் 1548-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் வெளிமாணவர்க்கான முதல் பள்ளியைத் திறந்தபோது ஒரு காசும் வாங்கவில்லை. கைம்மாறு பெறாமல் கற்பிக்க வேண்டும் என்பது சபையின் சட்டம். நகரத்தாரும் வள்ளல்களும் நிதி தந்தனர். ஏழை வீட்டுப் பிள்ளையும் பிரபு வீட்டுப் பிள்ளையும் ஒரே கட்டணத்தில், அதாவது கட்டணமே இல்லாமல், படித்தனர். அமெரிக்காவில் அத்தகைய வள்ளல்கள் இல்லாமையால் பள்ளிகள் நடத்த முடியாமல் திணறின. 1833-இல் சபையின் தலைவர் ரூத்தான் திருத்தந்தையிடம் விதிவிலக்குக் கேட்டுப் பெற்ற பின்னரே கட்டணம் வாங்கும் வழக்கம் வந்தது. ஆகவே, நீங்கள் செலுத்தும் கட்டணம் ஒரு விதிவிலக்கின் பேரில் பெறப்படுவது. அதை மறந்துவிட்டு அதற்கு விளைச்சல் கேட்பது சற்றுத் தவறான வயலில் அறுவடைக்கு நிற்பதாகும்.

அந்தப் பழைய சட்டத்தின் மனச்சாட்சி முற்றும் மறைந்துவிடவில்லை. சான் ஹோசேயின் கிழக்குப் பகுதியில் கிறிஸ்டோ ரே என்னும் இயேசு சபை உயர்நிலைப் பள்ளி 2014-இல் தொடங்கப்பட்டது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கு இடம். 1996-இல் சிகாகோவில் பிறந்த திட்டம் அது: நான்கு மாணவர் சேர்ந்து ஒரு முழுநேர வேலையைப் பகிர்ந்துகொள்வர், ஒவ்வொருவரும் மாதத்தில் ஐந்து நாள் ஏதேனும் ஒரு நிறுவன அலுவலகத்தில் பணியாற்றுவர், அந்த ஊதியம் பள்ளிக் கட்டணத்தின் பெரும்பகுதியாகும். உங்களுள் சிலருடைய அலுவலகங்களில் கழுத்துப்பட்டை கட்டிய பதினைந்து வயதுப் பிள்ளைகள் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதைப் பார்த்திருக்கக்கூடும். அடுத்த முறை பார்த்தால் பெயர் கேட்டுப் பேசுங்கள். தம் படிப்புக்குத் தாமே உழைக்கும் பிள்ளைகள் அவர்கள்.

1973-ஆம் ஆண்டு இஞ்ஞாசியார் திருநாளன்று இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே, ஸ்பெயினின் வலென்சியா நகரில் தம் பள்ளிகளின் பழைய மாணவர்களிடையே பேசினார். அவையில் இருந்தவர்கள் செல்வாக்குள்ளோர். அவர்கள்முன் நின்று, உங்களை நீதிக்காக நாங்கள் பயிற்றுவித்தோமா என்று வினவி, இல்லை என்று அவரே விடையும் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதர் என்னும் இலட்சியம் அவ்வுரையிலிருந்தே இயேசு சபைப் பள்ளிகளின் சுவர்களுக்கு வந்தது. அவருக்குப் பின் வந்த தலைவர் கோல்வன்பாக், 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் இதே சான்டா கிளாராப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, துன்புறுவோரை நேரில் தொட்டறியாத கல்வி முழுமை பெறாது என்னும் பொருள்பட உரையாற்றினார். நம் பையன்கள் கட்டாயச் சேவை மணிநேரத்தைப் பற்றி முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒருவன் மட்டும், தேவையான மணிநேரம் முடிந்து ஓராண்டு ஆன பிறகும், வீடற்றோர்க்கு உணவளிக்கும் கூடத்துக்குச் சனிக்கிழமைதோறும் செல்கிறான். ஏனென்று கேட்டேன். "அங்க ஒரு தாத்தா செஸ் ஆடுவார். இன்னும் ஒருமுறைகூட அவரை ஜெயிக்கல" என்றான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இதை எழுதினாயா என்றேன். எழுதவில்லையாம். "அது தாத்தாவோட கதை, ஃபாதர்." மேலே நான் சொன்ன, மூன்று ஞாயிறுகள் வராமலிருந்த பையன் இவன்தான். சொல்லலாமா என்று அனுமதி கேட்டே எழுதுகிறேன். புனித வாரத்தில் திரும்பி வந்துவிட்டான்.

2025-ஆம் ஆண்டு நம் அனைவர்க்கும் மறக்க முடியாத ஆண்டு. ஏப்ரல் 21 அன்று, பாஸ்காத் திங்களில், திருத்தந்தை பிரான்சிசு இறைவனடி சேர்ந்தார். அவரும் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1964, 1965-ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் சான்டா ஃபே நகரில் இயேசு சபையின் உயர்நிலைப் பள்ளியொன்றில் இலக்கியம் கற்பித்தார். பாடத்திட்டத்தில் பழைய வீரகாவியம் இருந்தது. மாணவர்களோ கவிஞர் லோர்காவைப் படிக்க விரும்பினர். காவியத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவர்களைப் பற்றிப் பேசுவோம் என்று முடிவு செய்ததாக, இலக்கியத்தைப் பற்றி 2024 சூலையில் எழுதிய மடலில் அவரே நினைவுகூர்ந்தார். எழுத்தாளர் போர்ஹெஸை அழைத்துவந்து அம்மாணவர்முன் பேசச் செய்தார்; அவர்கள் எழுதிய கதைகள் நூலாக வந்தபோது முன்னுரை வழங்கியவரும் போர்ஹெஸே. இருபத்தெட்டு வயது ஆசிரியர் ஒருவர் பதினாறு வயதுப் பிள்ளைகளின் விருப்பத்தை இவ்வளவு பொருட்படுத்தினார்.

மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, வில்லநோவா பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர். இதை அறிவித்த ஞாயிறன்று நம் கூட்டத்தில் எழுந்த மகிழ்ச்சி ஆரவாரம், அவர் அமெரிக்கர் என்று சொன்னபோது எழுந்ததைவிட ஒரு படி கூடுதலாகவே இருந்தது. கணிதம் படித்த பிள்ளைகளைக் குருமடத்துக்கு அனுப்ப இனி உங்களுக்குத் தடை ஏதும் இருக்காது என்று நம்புகிறேன்.

இனி, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு பிள்ளையைப் பற்றி.

நம்மோடு ஒன்பது ஆண்டுகள் இருந்த ஒரு குடும்பம் மார்ச் மாதத்தில் தமிழகம் திரும்பியதை அறிவீர்கள். தந்தையார் வேலையை இழந்தார். எச்-1பி விசாவில் இருப்போர்க்கு வேறு வேலை தேடிக்கொள்ளக் கிடைப்பது 60 நாள் அவகாசம், அதற்குள் அமையவில்லை. மகள் இங்கே கத்தோலிக்கப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. அடுத்த ஆண்டு இதே மாதத்தில் அவளும் மாலை அணிந்து நின்றிருப்பாள். வீட்டுச் சாமான்களை நீங்கள் பலர் வாங்கிக்கொண்டீர்கள். அவளுடைய கீபோர்டு இப்போது நம் பாடகர் குழுவில் இருக்கிறது.

திருச்சியில் இடம் தேடியபோது எல்லாப் பள்ளிகளிலும் ஒரே பதில்: ஆண்டின் நடுவில் வந்திருக்கிறீர்கள், சான்றிதழ்களுக்கு இணைத்தகுதி வேண்டும், பிறகு பார்க்கலாம். ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் தலைமைச் சகோதரி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "முதல்ல பிள்ளை உட்காரட்டும், சர்ட்டிபிகேட் பின்னால வரட்டும்" என்றாராம். பள்ளிகள் சூன் 2 அன்று திறந்துவிட்டன. பிளஸ் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்குகிறாள், ஓராண்டு இழப்பு. வகுப்பில் அறுபது பேர். நேற்று எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "ஃபாதர், அமெரிக்காவுல இருந்து ஏன் திரும்பி வந்தேன்னு எல்லாரும் கேக்குறாங்க. இங்கேயும் ஒரே கேள்விதான்." பிறகு சிரித்தாள். முதல் நாள் காலை வழிபாட்டில் இறைவார்த்தையை வாசிக்க யார் முன்வருவீர்கள் என்று கேட்டார்களாம். நம் ஞாயிறு வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்த தமிழை நம்பிக் கை தூக்கிவிட்டாள். இரண்டு இடத்தில் தடுமாறினேன், யாரும் சிரிக்கவில்லை என்றாள். பின்வரிசையில் இருந்த ஒருத்தி இடைவேளையில் தன் நெல்லிக்காயைப் பாதி கடித்துக் கொடுத்தாளாம். அதுவே சேர்க்கைக் கடிதம் என்று எனக்குத் தோன்றியது.

இவ்வாறு புறப்பட வேண்டியிருக்குமோ என்னும் அச்சம் நம் திருக்கூட்டத்தில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பச்சை அட்டைக்காகப் பத்தாண்டு, பதினைந்தாண்டு காத்திருப்போர் இருக்கிறீர்கள். பெற்றோரின் விசாவைச் சார்ந்து வாழும் பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால் அந்தச் சார்பும் அறுந்துவிடும். இத்தகைய வீட்டில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரு காப்பரணாகத் தோன்றுவதை நான் உணர்கிறேன். உங்கள் பதற்றத்தைப் பேராசை என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதற்றத்தைப் பிள்ளையின் கழுத்தில் மாலையாக இடாதீர்கள். மடல்களில் அச்சிடவும் என்னைக் கேட்காதீர்கள்.

சில அறிவிப்புகள். வரும் ஞாயிறு, சூன் 8, தூய ஆவியார் பெருவிழா. மாலைத் தமிழ்த் திருப்பலியின் முடிவில் அறுவரையும் பீடத்தின்முன் அழைத்து ஆசீர்வதிப்போம். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒருவர் இரண்டு நிமிடம் பேசுவார். பேசுகிறவர் பெற்றோராக இருக்கக் கூடாது, பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லக் கூடாது. செஸ் ஆடும் தாத்தாவை அழைத்துவர முடியுமா என்று தம்பி முயன்று வருகிறான். திருச்சியில் அப்போது திங்கள் விடியற்காலையாக இருக்கும். அவ்வேளையில் விழித்திருப்பேன் என்று நம் மகள் உறுதி கூறியிருப்பதால், காணொளியில் அவளும் இணைவாள். முதல் வாசகத்தைத் தமிழில் அவளே வாசிப்பாள்.

பட்டமளிப்பு விருந்துக்காகப் பேரவை ஒதுக்கியிருந்த தொகையில் பாதியை, கட்டணம் கட்ட இயலாத இரு பிள்ளைகளுக்கு, இங்கொருவர் அங்கொருவராக, அளிக்கப் பேரவையினர் ஒருமனதாக இசைந்துள்ளனர். பெயர்கள் வெளியிடப்பட மாட்டா. மேலும் சேர்க்க விரும்புவோர் உறையில் 'பள்ளி' என்று மட்டும் எழுதிக் காணிக்கைப் பெட்டியில் இடலாம்.

விருந்து குறைந்துவிட்டதே என்று கவலைப்படுவோர்க்கு: இட்லி முந்நூறு உறுதியாகிவிட்டது. சாம்பாருக்கு இருவர் பெயர் கொடுத்துள்ளனர். சட்னிக்கு இதுவரை ஒருவரும் இல்லை. சனிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.

இறையன்பில்,
உங்கள் பங்குத்தந்தை